எந்தப் பாதி?

எங்க மாமா ஒருத்தரோட கருமாதி அன்னிக்கு, பந்தி எல்லாம் முடிஞ்சு பந்தல்ல சேரை இழுத்துப் போட்டு உக்காந்திருந்தப்ப நான் ஒரு வார்த்தை சொன்னேன். அதுக்கு எங்க பெரியப்பா திருப்பி ஒரு கேள்வி கேட்டாரு. ரெண்டே வார்த்தை. இது நடந்தது 2021 ஆவணில. இன்னும் அந்தக் கேள்வி என்னை விட்டு போகல, அதனாலதான் இதை எழுதறேன், பெருசா தீர்ப்பு சொல்ற எண்ணமெல்லாம் இல்ல.

பேச்சு எங்க ஆரம்பிச்சுதுன்னு ஞாபகம் இல்ல. யாரோ அகவிலைப்படி பத்தி பேசுனாங்க, இன்னொருத்தர் அவரு பொண்ணுக்கு வந்த வரன் பத்தி சொன்னாரு, மாப்ள கவர்மெண்ட் வாத்தியார், அதனால நகை கூட கேக்கறாங்கன்னு. நான் மன்னார்குடி பக்கம் ஒரு தனியார் மெட்ரிக் ஸ்கூல்ல கணக்கு வாத்தியார். கொரோனா வந்ததுல இருந்து ஒரு வருஷத்துக்கு மேல எனக்கு பாதி சம்பளம், அதுவும் சில மாசம் பத்தாம் தேதி சில மாசம் இருபதாம் தேதி. அந்த எரிச்சல் உள்ள இருந்துச்சு போல. "ஸ்கூலே தொறக்காம வீட்ல உக்காந்து முழு சம்பளம் வாங்குறாங்க, ஆபீஸ்ல போனா சீட்ல ஆள் இல்ல, கவர்மெண்ட்ல இருக்கறவன்ல பாதி பேர வீட்டுக்கு அனுப்புனா கூட ஒண்ணும் ஆவாது, நாடு உருப்படும்"னு சத்தமாவே சொல்லிட்டேன். நாலஞ்சு பேர் சிரிச்சாங்க, ரெண்டு பேர் "கரெக்டுதான் சார்"னாங்க. பெரியப்பா மட்டும் வெத்தலைய மடிச்சுக்கிட்டே, என்னைப் பாக்காம கேட்டாரு. "எந்தப் பாதிப்பா?"

அவரு கேலியா கேக்கல. நெசமாவே தெரிஞ்சுக்கற மாதிரிதான் கேட்டாரு. எனக்கு பதில் வரல, அதுக்குள்ள காபி வந்துடுச்சு, பேச்சு வேற பக்கம் போயிடுச்சு.

பெரியப்பா லஸ்கரா இருந்து 2013-ல ரிட்டையர் ஆனவரு. டெல்டாக்காரங்களுக்கு லஸ்கர்னா யாருன்னு சொல்ல வேண்டியதில்ல, மத்தவங்களுக்காக ஒரு வரி: ஆத்துலயும் வாய்க்கால்லயும் இருக்கற சட்ரஸ, அதாவது மதகுக் கதவ, தூக்கி எறக்கறது, கரைய நடந்து பாத்துட்டு வர்றது, அளவு குறிக்கறது, இதுக்குன்னு கவர்மெண்ட் வச்சிருந்த கடைசி ஆள். அவருக்கு மேல இருக்கறவங்க எல்லாரும் ஆபீசர்ங்க, கீழ இருக்கறது தண்ணிதான்.

பொறாமைன்னே வச்சுக்கங்க

முதல்ல என் பக்கத்து அழுக்க நானே சொல்லிடறேன். 2013 டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, பாஸ் பண்ணவன் நான். அந்த வருஷம் பாஸ் பண்ணவங்க கதை வாத்தியார் வேலைக்கு முயற்சி பண்ண எல்லாருக்கும் தெரியும். மார்க் வந்துச்சு, அப்பறம் சலுகை மதிப்பெண் வந்துச்சு, வெயிட்டேஜ்னு ஒண்ணு வந்துச்சு, பன்னெண்டாவதுல எப்பவோ வாங்குன மார்க்க வச்சு எங்கள பின்னாடி தள்ளுனாங்க. 2018-ல 149-னு ஒரு அரசாணை, டெட் பாஸ் பண்ணது பத்தாது, இன்னொரு போட்டித் தேர்வு எழுதணும்னு. 2020-ல ஓய்வு வயச 58-ல இருந்து 59 ஆக்குனாங்க, அடுத்த வருஷமே 60. உள்ள இருக்கறவங்களுக்கு ரெண்டு வருஷம் கூட சம்பளம், வெளில நிக்கறவனுக்கு ரெண்டு வருஷம் கதவு சாத்தியாச்சு. எனக்கு அப்ப தலைல பாதி நரைச்சாச்சு. அதனால நான் கவர்மெண்ட் சம்பளத்தப் பத்தி பேசுனா அதுல பாதி பொருளாதாரம், பாதி வயித்தெரிச்சல். பந்தல்ல பேசுனப்ப வயித்தெரிச்சல் பாதிக்கு மேல இருந்திருக்கும்.

ஆனா வயித்தெரிச்சல்ல நியாயமே இல்லன்னும் சொல்ல மாட்டேன். என் கூட பி.எட் படிச்ச ஒருத்தன் கவர்மெண்ட்ல பட்டதாரி ஆசிரியர். ஏழாவது ஊதியக்குழுக்கு அப்பறம் அந்த வேலைக்கு அடிப்படைச் சம்பளமே 36,400-ல தான் ஆரம்பம், அதுக்கு மேல படிகள். நானும் அதே கணக்குதான் நடத்துறேன், அதே புத்தகம், அதே பிதாகரஸ் தேற்றம், என் கிளாஸ்ல அவன் கிளாஸ விட பசங்க ஜாஸ்தி. ஒருநாள் எங்க கரஸ்பாண்டன்ட் கிட்ட சம்பளம் கேட்டதுக்கு "கவர்மெண்ட் சம்பளம் வேணும்னா கவர்மெண்டுக்குப் போங்க சார்"னாரு. அப்ப எனக்கு கோவம் யார் மேல வந்துச்சுன்னு நெனைக்கறீங்க? அந்தாளு மேல வரல. பி.எட் படிச்ச நண்பன் மேல வந்துச்சு! மனுச மனசு எப்படி வேலை செய்யுது பாருங்க. குடுக்காதவன விட்டுட்டு வாங்குறவன மொறைக்குது.

சரி, அந்தப் பக்கமாவது எல்லாரும் ஒரே மாதிரி வாங்குறாங்களான்னா அதுவும் இல்ல. இடைநிலை ஆசிரியர்கள்ல 2009 மே 31-க்குள்ள சேந்தவருக்கு அடிப்படை 8,370, அடுத்த நாள் ஜூன் 1-ல இருந்து சேந்தவருக்கு 5,200. ஒரே ஸ்கூல்ல பக்கத்து பக்கத்து கிளாஸ்ல ரெண்டு பேரு, நடுவுல ஒரு ராத்திரி. 2012-ல எடுத்தாங்களே பகுதிநேர ஆசிரியர்கள், பாட்டு, ஓவியம், தையல், கம்ப்யூட்டர், 16,549 பேரு, அவங்களுக்கு மாசம் 5,000. ஏறி ஏறி 2024-லதான் 12,500 ஆச்சு. சத்துணவுக் கூடத்துல சமையல் உதவியாளர் எடுக்கறோம்னு அறிவிப்பு வந்தப்ப தொகுப்பூதியம் 3,000-ன்னு போட்டிருந்தாங்க. மாசத்துக்குங்க. இவங்க எல்லாரும்தான் "அரசு ஊழியர்"ங்கற ஒரே வார்த்தைக்குள்ள இருக்காங்க. நான் பந்தல்ல திட்டுனப்ப என் மனசுல இருந்தது 3,000 வாங்குற அக்கா இல்ல, தாலுகா ஆபீஸ்ல என்னை நாலு தடவை அலைய விட்ட ஒரு ஆள். அவரு முகத்த வச்சு எல்லாரையும் அளந்துட்டேன்.

வீட்டுக்கு அனுப்புன கதை

"வீட்டுக்கு அனுப்பணும்"னு நான் என்னமோ புதுசா சொன்ன மாதிரி சொன்னேன். தமிழ்நாட்டுல அத செஞ்சே பாத்திருக்காங்க. 2003 ஜூலைல எனக்கு பதினாறு வயசு, பதினொண்ணாவது படிக்கறேன். ஓய்வூதியச் சலுகைகள வெட்டுனாங்கன்னு ஸ்ட்ரைக், ஸ்ட்ரைக்க தடுக்கற சட்டம் எஸ்மா, டெஸ்மான்னு பேப்பர் பூரா இதேதான், ஒரே வீச்சுல சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேர டிஸ்மிஸ் பண்ணாங்க. எங்க அம்மா வழில ஒரு மாமா கிளார்க்கா இருந்தாரு, அவரும் அதுல ஒருத்தர். ராத்திரி வீட்டுல படுக்காம எங்க வீட்டு கொல்லைல வந்து படுத்திருந்தாரு, பிடிச்சுட்டுப் போயிடுவாங்கன்னு பயம். எனக்கு மறக்காதது அது இல்ல. டீக்கடைல அன்னிக்கு ஆளுங்க பேசிக்கிட்ட தொனி. "நல்லா வேணும்"னாங்க. மாமா கிட்ட பத்து வருஷமா சர்ட்டிபிகேட் வாங்குனவங்கதான், அதுல ரெண்டு பேரு எங்க வீட்டுக்கே வந்து போறவங்க. ஆகஸ்ட் 6-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, அரசு ஊழியருக்கு ஸ்ட்ரைக் பண்ண அடிப்படை உரிமையும் இல்ல, சட்ட உரிமையும் இல்ல, தார்மீக உரிமையும் இல்லன்னு. மாமா நிபந்தனை இல்லாம மன்னிப்புன்னு எழுதிக் குடுத்துட்டு வேலைக்குப் போனாரு. அதுக்கப்பறம் அவரு சிரிச்சு பேசி நான் பாத்தது கம்மி. அடுத்த வருஷம் எம்.பி. தேர்தல்ல ஆளுங்கட்சி ஒரு சீட் கூட ஜெயிக்கல. "நல்லா வேணும்"னு சொன்ன அதே டீக்கடை அதுக்கும் "நல்லா வேணும்"னுச்சு.

அது பெரிய கதை, எல்லாருக்கும் தெரியும். சின்ன கதைங்கதான் எனக்கு இப்ப உறுத்துது. ஊராட்சிகளுக்கு மக்கள் நலப் பணியாளர்கள்னு 1989-ல எடுத்தாங்க, 1991-ல அனுப்புனாங்க, அடுத்து வந்த ஆட்சி எடுத்துச்சு, 2001-ல அனுப்புனாங்க, 2006-ல மறுபடி எடுத்தாங்க, 2011 நவம்பர்ல மறுபடி அனுப்புனாங்க. கடைசி தடவை 13 ஆயிரம் பேருக்கு மேல. கோர்ட்டு கேசுன்னு பத்து வருஷம் போயி 2022-ல, வாங்க, மாசம் 7,500 தர்றோம்னு கூப்பிட்டாங்க. அதுல சேந்த ஒரு அம்மா எங்க பக்கத்து ஊரு. இருபத்தி ரெண்டு வயசுல வேலைக்குச் சேந்தவங்க, திரும்பக் கூப்பிட்டப்ப அம்பத்தஞ்சு. சாலைப் பணியாளர்கள் கதையும் இதேதான், 1997-ல சுமார் 10 ஆயிரம் பேரு, 2002-ல டிஸ்மிஸ், 2006-ல திரும்ப. அந்த நடுவுல போன 41 மாசத்த பணிக்காலமா சேருங்கன்னு ரொம்ப வருஷமா கேட்டுட்டு இருந்தாங்க. கவனிச்சீங்களா, வெட்டுனது எல்லாமே கீழ இருந்துதான். ரோட்டோரம் புல்லு செதுக்கறவரு, ஊராட்சில கூட்டம் கூட்டறவங்க. ஆட்சி மாறுனா ஒரு கலெக்டர் ஆபீஸ்ல ஒரு நாற்காலி கூட கொறஞ்சதா நான் கேள்விப்பட்டதில்ல.

பெரியப்பா வேலைய யாரும் வெட்டல. அதான் விசயமே. அவரு ரிட்டையர் ஆனாரு, ஒரு மாலை, ஒரு சால்வை, ஒரு சுவர்க்கடிகாரம். அந்த இடத்துக்கு ஆள் போடல. சத்தமே இல்ல. டிஸ்மிஸ் பண்ணா கோர்ட்டுக்குப் போவாங்க, கொடி புடிப்பாங்க. காலி இடத்துக்கு யாரு கொடி புடிக்கறது? நான் டெட் பாஸ் பண்ணிட்டு காத்திருக்க ஆரம்பிச்ச அதே 2013-லதான் அந்த இடமும் காலியாச்சு, இத நான் ரொம்ப நாள் கழிச்சுதான் யோசிச்சேன்.

அந்த ராத்திரி

பந்தல் பேச்சுக்கு அப்பறம் ரெண்டரை மாசம். 2021 நவம்பர் மழைய டெல்டால யாரும் மறந்திருக்க மாட்டாங்க. எங்களுக்கு இருக்கறது ஆறு மா, அதாவது ரெண்டு ஏக்கருக்கு கொஞ்சம் கம்மி. தாளடி நட்டு இருபது நாளு. மூணு நாள் விடாத மழை, நாத்து தலை மட்டும் தெரியுது, நாலாவது நாள் சாயங்காலம் அதுவும் தெரியல. வயல் தண்ணி எல்லாம் வடிகால் வாய்க்கால்ல எறங்கி பாமணியாத்துல போய் சேரணும், சேர்ற எடத்துல ஒரு சின்ன சட்ரஸ், ரெண்டு கண்ணு. அது சாத்தியே கெடக்கு. அத பாக்க வேண்டிய ஆள் யாருன்னா, இதோட சேத்து ஆறு ஏழு எடத்த பாக்கற ஒரு தினக்கூலி, அவரு போன் ஸ்விட்ச் ஆஃப். செக்‌ஷன் ஆபீஸ் நம்பருக்கு அடிச்சா மணி அடிச்சுக்கிட்டே இருக்கு.

ராத்திரி பத்து மணி இருக்கும், பசங்க பதினஞ்சு இருபது பேர் டார்ச்ச எடுத்துட்டு கெளம்பிட்டாங்க, நானும்தான். சட்ரஸ் மேல ஏறி ரெண்டு பேர் ஒரு இரும்புக் கம்பிய குடுத்து நெம்புறாங்க. ஒடச்சாவது தெறந்துடணும்னு வெறி. "தூக்கு தூக்கு"ன்னு கத்துனதுல என் கொரலும் உண்டு, நான் வாத்தியார்ங்கறதால அது கொஞ்சம் பெருசாவே கேட்டிருக்கும். அப்பதான் பெரியப்பா வந்தாரு. அறுபத்தெட்டு வயசு, தலைல யூரியா சாக்க கொங்காணி போட்டிருக்காரு, கைல முழங்கை நீளத்துக்கு வளைஞ்ச இரும்பு ஒண்ணு. சாவின்னு சொல்வாங்க அத, ராடுல மாட்டி சுத்தறது. ரிட்டையர் ஆனப்ப ஒப்படைக்கப் போயிருக்காரு, வாங்கிக்க ஆள் இல்ல, வீட்லயே கட்டிலுக்கு அடில கெடந்திருக்கு.

அவரு சாவிய மாட்டல. டார்ச்ச வாங்கி முதல்ல வாய்க்கால் பக்கம் அடிச்சாரு, சுவத்துல இருக்கற அளவ பாத்தாரு. அப்பறம் ஆத்துப் பக்கம் அடிச்சாரு. ரெண்டு தடவை மாத்தி மாத்திப் பாத்துட்டு சொன்னாரு, "எல்லாரும் எறங்குங்கடா. ஆறு நம்மள விட ஒசரத்துல நிக்கிது. இப்ப தூக்குனா தண்ணி போவாது, வரும்."

மழை கொட்டுது, ஆனா அந்த எடத்துல ஒரு அமைதி. தண்ணி மேட்டுல இருந்து பள்ளத்துக்குப் போகும்னு ஆறாங்கிளாஸ் பையனுக்கு கூட தெரியும், அந்த சட்ரஸ் அங்க வச்சதே ஆறு ஏறுனா ஊருக்குள்ள தண்ணி வரக்கூடாதுன்னுதான், வடிகாலுக்கு அது கதவு மாதிரி, உள்ள இருந்து வெளில போகலாம், வெளில இருந்து உள்ள வரக்கூடாது. அந்த இருபது பேருக்கும் இது தெரியாதா? தெரியும். எனக்கும் தெரியும். ஆனா அந்த நேரத்துல ரெண்டு பக்கமும் டார்ச்ச அடிச்சுப் பாக்கணும்னு தோணுனது ஒரே ஒரு ஆளுக்குதான். இன்னும் அஞ்சு நிமிஷம் லேட்டா வந்திருந்தா நாங்க ஊரு பூரா மூழ்கடிச்சிருப்போம், மூழ்கடிச்சிட்டு கவர்மெண்ட திட்டியிருப்போம்.

அப்பறம் அவரு போன்ல யாருக்கோ பேசுனாரு. நீடாமங்கலம் பக்கம், ஆறு மூணா பிரியற மூணாறு தலைப்புக்கு கிட்ட இருக்கறவரு, அவரும் பழைய லஸ்கர், அவரும் ரிட்டையர் ஆனவரு. "அங்க அளவு என்ன கெடக்கு, ஏறுதா எறங்குதா, பாமணில கொறச்சிருக்கானுவளா"ன்னு விசாரிச்சாரு. ரெண்டு கெழவங்க, சம்பளமும் இல்ல, உத்தரவும் இல்ல, ராத்திரி பதினொரு மணிக்கு ஆத்தப் பத்தி பேசிக்கிறாங்க, பேச்சுக்கு நடுவுல அந்தாளு முட்டி வலிய பத்தி வேற விசாரணை. போன வச்சிட்டு, மூணு மணி வாக்குல எறங்கும், அதுவரைக்கும் கரைய பாருங்கன்னு எங்கள பிரிச்சு விட்டாரு. நண்டு வளைல தண்ணி கசியுதான்னு எப்படி பாக்கணும், கசிவு தெளிவா வந்தா பயமில்ல, கலங்கி வந்தா மண்ண அரிச்சுட்டு வருதுன்னு அர்த்தம், உடனே கத்துன்னு. ரெண்டு எடத்துல சாக்கு மூட்டை போட்டோம்.

மூணேகாலுக்கு ஆறு வாய்க்காலுக்கு கீழ எறங்குச்சு. சாவிய மாட்டி அவரு முதல்ல மேல சுத்தல, கீழ அரை சுத்து அழுத்துனாரு. துரு புடிச்ச மரைய நேரா மேல தூக்குனா ராடு வளைஞ்சுக்கும், முதல்ல கீழ அசைச்சு விடணுமாம். அப்பறம் பசங்க மாத்தி மாத்தி சுத்துனாங்க, அவரு எண்ணுனாரு. பன்னெண்டுல நிறுத்துன்னாரு. இன்னும் தூக்கலாமே பெரியப்பான்னு கேட்டதுக்கு, "கீழூர்க்காரனும் நட்டுருக்கான்ல"ன்னாரு. அவ்வளவுதான்.

நாலரை மணிக்கு அந்த தினக்கூலி ஆள் வந்தாரு, டி.வி.எஸ். 50-ல, தொப்பலா நனைஞ்சு, என்ன விட சின்ன வயசு. கோவத்துல அவர அடிச்சிருப்பாங்க, ஆனா அவரு நின்ன நெலையப் பாத்தா யாருக்கும் கை வரல. நாலு எடத்த பாத்துட்டு வர்றாரு, ஒரு எடத்துல வண்டி தண்ணில விழுந்து போன் போச்சு. வந்ததும் முதல்ல சட்ரஸ பாத்தாரு, பாலித்தீன் பைக்குள்ள இருந்து ஒரு நோட்ட எடுத்தாரு, "எத்தன மணிக்கு தெறந்தீங்க, எத்தன சுத்து"ன்னு கேட்டாரு. பெரியப்பா சொன்னாரு, அவரு எழுதிக்கிட்டாரு. அவரு பேர்லதான் எழுதியிருப்பாரு, வேற என்ன பண்ணுவாரு.

எங்க ஆறு மாவுல பாதி பொழச்சுது.

விலை இல்லாத வேலை

இதப் படிச்சிட்டு பெரியப்பாவ தெய்வமாக்கிடாதீங்க. அவரு வேலைல இருந்தப்ப அறுப்பு நேரத்துல களத்துக்கு ரெண்டு மரக்கா நெல்லு வாங்குனவருதான், முறை வச்சு தண்ணி விடறப்ப குடுத்தவனுக்கு ஒரு மணி நேரம் கூட போயிருக்கும். நானே கேட்டேன். "வாங்குனேன், இல்லங்கல, எல்லாருந்தான் குடுத்தாங்க"ன்னாரு, கொஞ்சம் கோவமா. கொள்முதல் நிலையத்துல மூட்டைக்கு இத்தனைன்னு நான் குடுக்கறப்ப வயிறு எரியுது, நாப்பது கிலோ மூட்டைல என் வியர்வை எவ்வளவு அவன் கமிஷன் எவ்வளவுன்னு கணக்கு போடறேன், மரக்கா நெல்லுக்கு மட்டும் நான் கண்ண மூடிக்க முடியாது. ஆனா ஒண்ணு, அந்த கொள்முதல் நிலையத்துல பட்டியல் எழுதறவரும் பருவகாலப் பணியாளர்தான், பருவம் முடிஞ்சா அவரும் வீட்டுலதான் இருப்பாரு. இத சொன்னா அந்த லஞ்சம் நியாயமாயிடாது. யார நிரந்தரமா வச்சிருக்கோம், யார வருஷா வருஷம் தொங்கல்ல விடறோம்ங்கறதுக்காக சொல்றேன்.

இப்ப சம்பளம் ஜாஸ்தியாங்கற கேள்விக்கு வர்றேன். நான் கணக்கு வாத்தியார், ஒப்பிட்டுப் பாத்துதான் ஜாஸ்தி கம்மி சொல்ல முடியும். கவர்மெண்ட் டாக்டர் சம்பளத்த வெளில இருக்கற டாக்டரோட ஒப்பிட்டா அது கம்மி. எஞ்சினியர், ஐ.ஏ.எஸ். எல்லாம் அப்படித்தான், அதே மூளைக்கு வெளில கூட குடுப்பாங்க. கீழ வர வர அது தலைகீழா மாறுது. தமிழ்நாட்டு ஊதியக்குழுல கடைசிப்படி ஆளுக்கு அடிப்படை 15,700. வெளில அதே கூட்டற வேலைக்கு, வாட்ச்மேன் வேலைக்கு, அதுல பாதிக்கு ஆள் கெடைக்கும். அப்ப "சந்தை விலைய விட யாருக்கு ஜாஸ்தி குடுக்கறோம்"னு ஒருத்தர் பேனாவ எடுத்துட்டு உக்காந்தா, அவரு கெட்டவரா இருக்கணும்னு இல்ல, நேர்மையாவே கணக்கு போட்டா கூட பேனா போய் நிக்கறது லஸ்கர் மேலதான், தூய்மைப் பணியாளர் மேலதான். அவுட்சோர்சிங்னு வந்ததெல்லாம் இந்த வழிலதான் வந்துச்சு. தாலுகா ஆபீஸ்ல என்னை அலைய விட்டவர் அந்தக் கணக்குல மாட்டவே மாட்டாரு.

லஸ்கர் வேலைக்கு வெளில என்ன விலை? ஒண்ணும் இல்ல. எந்தக் கம்பெனியும் ராத்திரி ரெண்டு பக்கமும் டார்ச் அடிச்சுப் பாக்கற ஆள வேலைக்கு எடுக்கறதில்ல. விலை இல்லாததால அதுக்கு என்ன குடுத்தாலும் ஜாஸ்தியாத்தான் தெரியும். ஜூன் 12 மேட்டூர் தெறந்தா முதலமைச்சர் பூ தூவறத டிவில காட்டறாங்க, பட்டன அமுக்கறாங்க, தண்ணி பொங்கிட்டு வருது, பாக்க நல்லாத்தான் இருக்கு. அந்தத் தண்ணி கடைமடைக்கு வந்து சேர்றதுக்குள்ள எத்தன கதவு, எத்தன மரை, எத்தன சுத்து. அதுல பாதி எடத்துல இன்னிக்கு சுத்தறது யாருன்னா விவசாயி, இல்லன்னா டி.வி.எஸ். 50 ஆள்.

கஜா புயல் நேரத்துலயும் இப்படித்தான். 2018 நவம்பர், எங்க தெருல கரண்ட் வர பன்னெண்டு நாளாச்சு, எங்கேந்தோ வெளி மாவட்டத்துல இருந்து வந்த பசங்க இடுப்பளவு சேத்துல நின்னு கம்பம் நட்டாங்க. தெருவே சேந்து சாப்பாடு போட்டோம், கரண்ட் வந்தப்ப எங்க அம்மா அதுல ஒருத்தன் கன்னத்த தடவி "கவர்மெண்ட் உத்யோகம், நல்லா இருப்பா"ன்னாங்க. அவன் சிரிச்சுக்கிட்டே "நான் ஒப்பந்தம்ங்கம்மா"ன்னான். தினம் 380 ரூபா கூலி கேட்டு அவங்க போராடுன வருஷம் அது. அம்மாவுக்கு ஒப்பந்தம்னா என்னன்னு புரியல, எனக்குப் புரிஞ்சுது, அப்ப பெருசா எடுத்துக்கல.

அதுக்காக உள்ள இருக்கற எல்லாரையும் அப்படியே வச்சுக்கணும்னு நான் சொல்ல வரல. வேலை செய்யாதவன அனுப்ப ஒரு வழி இருக்கணும், அது இல்லாததாலதான் சும்மா இருக்கறவன விட்டுட்டு சத்தம் போடாதவன வெட்டுறாங்க. எனக்கு இன்னும் அந்த பி.எட் நண்பன் மேல பொறாமை இருக்கு, மறைக்கல. 2024 குரூப் 4-க்கு 6,244 இடத்துக்கு சுமார் 20 லட்சம் பேர் விண்ணப்பிச்சப்ப என் ஸ்கூல்ல மூணு டீச்சர் லீவ் போட்டுட்டு எழுதப் போனாங்க, நான் போகல. வேணாம்னு முடிவு பண்ணதால இல்ல, பீஸ் கட்ட வேண்டிய கடைசித் தேதி மறந்து போச்சு. அது ஏன் மறந்துச்சுன்னு எனக்கே சந்தேகம்தான்.

பெரியப்பாவுக்கு இப்ப முட்டி சுத்தமா மடங்கறதில்ல, வாசல்ல சேர் போட்டு உக்காந்திருக்கறதோட சரி. சாவி போன வருஷத்துல இருந்து எங்க வீட்டுத் திண்ணைல இருக்கு, ஸ்கூல் போற வழில அந்த சட்ரஸ் இருக்கறதால. போன ஐப்பசில ஒரு நாள் காலைல கெளம்பறப்ப அந்த டி.வி.எஸ். 50 ஆளு போன் பண்ணாரு. "சார், நான் மேக்க மாட்டிக்கிட்டேன், ரெண்டு சுத்து எறக்கி விட்டுட்டுப் போயிடறீங்களா." பேண்ட மடிச்சு விட்டுட்டு மேல ஏறுனேன். ரெண்டு பக்கமும் எட்டிப் பாத்தேன். ரெண்டு சுத்து எறக்கிட்டு கூப்பிட்டு சொன்னேன். "சரிங்க சார், நான் எழுதிக்கறேன்"னாரு. கை பூரா கிரீஸ். அன்னிக்கு முதல் பீரியடுக்கு பத்து நிமிஷம் லேட்டு, எங்க ஸ்கூல்ல மூணு லேட்டுக்கு அரை நாள் சம்பளம் புடிப்பாங்க.